வரிசை எண் பதினான்கு

மசோதாவின் பின்னிணைப்பில்
வரிசை எண் பதினான்கில் இருந்தது எங்கள் ஏரி,
தமிழாக்கத்தில் ஒரு கால் இல்லாமல்:
பழவேற்கடு.
கால் கேட்டு நான் அனுப்பிய திருத்தம்
முதல்நாள் பத்து மணிக்குள் சேர்ந்திருக்க வேண்டுமாம்.
பத்து ஏழுக்குச் சேர்ந்தது.
ஆரம்பாக்கத்தில் கரண்ட் போனதற்கு
விதிப்புத்தகத்தில் இடமில்லை.

நான் உறுப்பினருக்குக் குறிப்பு எழுதுபவன்.
ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் தொகுதி அலுவலகம்.
ஜன்னலைத் திறந்தால் தடாவுக்குப் போகும் லாரிகள்
இரண்டு மொழியில் ஹாரன் அடிக்கும்.

பேச நான்கு நிமிஷம்.
கட்சிக்குள் பங்கு பிரித்தபின் இரண்டு.
எல்லை, ஊடுருவல், ட்ரோன், கடல்வழி என்று
பெரிய வார்த்தைகளை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.
மிச்சம் இருந்தது தண்ணீர்.
ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்:
சுண்ணாம்புக்குளம் தேசம்மாவுக்கு
வருஷத்தில் நாற்பத்தொரு நாள் வேலையில்லை.

கணக்கு அவளுடையது.
ராக்கெட் விட்ட நாள், விடாமல் தள்ளிப்போட்ட நாள்,
தள்ளிப்போட்டதைச் சொல்ல மறந்த நாள்,
ரோந்துப் படகு வந்து காரணம் சொல்லாமல் நின்ற நாள்.
எல்லாம் ரேஷன் கார்டின் பின்அட்டையில்
நீலப் பேனாவில் கோடு கோடாய்.
எழுத்து தெரியாது அவளுக்கு.
நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன், தப்பில்லை.

மதியம் மூன்றே கால்.
கீழே பாஷ்யம் நாயுடுவின் டிவியில் அவை.
உறுப்பினர் எழுந்தார்.
அவசரத்தில் ஊர்ப் பெயரை விழுங்கிவிட்டு
தேசம்மா என்றார்.
மொழிபெயர்ப்புக் கூண்டில் இருந்தவர் யாரோ,
குறை சொல்ல மாட்டேன், அவருக்கு இரண்டு விநாடிதான்,
தேசத்தாய்க்கு நாற்பத்தொரு நாள் வேலையில்லை
என்று இந்தியில் போட்டார்.

ஒரு கணம் ஒன்றுமில்லை.
பிறகு பின்வரிசையில் ஒருவர், பாராட்டென்று நினைத்து,
மேசையைத் தட்டினார்.
எதிரில் ஒருவர் அவமதிப்பு என்று எழுந்தார்.
ஒழுங்குப் பிரச்சினை! ஒழுங்குப் பிரச்சினை!
எந்த விதியின் கீழ்? தலைவர் கேட்டார்.
நாலு பேர் புத்தகத்தைப் புரட்டினார்கள்.
அந்தப் புரட்டலிலேயே தீர்ந்தது எங்கள் இரண்டு நிமிஷம்.
மணி அடித்தது.
'அந்தச் சொல் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது.'

சொல் இல்லை ஐயா, அது ஆள்
என்று டிவியிடம் சொன்னேன்.
நாயுடு சத்தத்தைக் குறைத்தார்.
ஆம் என்போர்.
இல்லை என்போர்.
இரண்டும் எனக்கு ஒரே இரைச்சல்;
ஆம் என்போரே அதிகம் என்று
தலைவருக்குக் கேட்டிருக்கிறது.

சாயங்காலம் போனேன். சொல்லியாக வேண்டுமே.
இடுப்பளவுத் தண்ணீரில் எட்டுப் பெண்கள்
சேற்றைத் தடவித் தடவி நகர்ந்துகொண்டிருந்தார்கள்,
இறாலுக்கு வலை இல்லாதவர்கள், கைதான்.
கரையிலுள்ள குப்பத்தில் பாடு முறை உண்டு.
யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று
சீட்டுக் குலுக்குவார்கள்.
அங்கேயும் தலைவர், அங்கேயும் விதி, அபராதம்.
அந்தச் சீட்டில் இவர்கள் பெயர் ஏறியதே இல்லை.
குப்பத்து ஓட்டு அதிகம் என்பதால்
என் குறிப்பிலும் நான் அதை எழுதவில்லை.

டெல்லியில உன் பேரைச் சொன்னாங்க, தேசம்மா.

நிமிர்ந்தாள்.
ஓலைப் பறியின் கயிறு பல்லில் இருந்தது.
வாயைத் திறந்தால் காலையிலிருந்து பிடித்ததெல்லாம்
தண்ணீருக்குத் திரும்பிவிடும்.
புருவத்தால் கேட்டாள்: அப்புறம்?

மேசையைத் தட்டினாங்க, என்றேன்.
பொய் இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து
ஒரு படகுக்காரன் தெலுங்கில் கத்தினான்,
நாளைக்கும் இறங்கக் கூடாதாம் என்று.
யாரும் மொழிபெயர்க்கவில்லை.
எட்டுப் பேரும் சேற்றில் கையை
இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்கள்.